அக்டோபர் 15-க்குன்னே லீவு போட்டு வர்றவங்களுக்கு ஒரு திறந்த மடல்

டே ஆத்தங்கரையில பீட்டுங்கற மீன்பிடித் துண்டு வெச்சிருக்கற ஓனர்களுக்கும், ஆத்தைப் பாத்துக்கற போர்டுக்காரங்களுக்கும், வருஷா வருஷம் சால்மன் சீசன் முடியற அக்டோபர் 15-க்குன்னே லீவு சேத்து வெச்சுட்டு வர்ற தூண்டில்கார அண்ணன் தம்பிங்களுக்கும் (அக்கா தங்கச்சிங்களும் உண்டு, அதைப் பத்தி கீழ வர்றேன்) வணக்கம்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், டேன்னா ஆத்தோட பேரு, யாரையும் மரியாதையில்லாம கூப்பிடல. ஸ்காட்லாந்துலயே நீளமான ஆறு, ஏறக்குறைய 190 கிலோமீட்டர், கடலுக்குக் கொண்டு போய்ச் சேக்கற தண்ணியில பிரிட்டன்லயே இதுக்குத்தான் மொத இடம். நான் இருக்கறது டண்டீ, ஆறு கடலோட சேர்ற எடம், ஆஸ்பத்திரியில ஷிஃப்ட் வேலை, ஏழு வருஷமா சீசனுக்கு எட்டு பத்து நாள் டிக்கெட் வாங்கிட்டு சால்மன் பிடிக்கப் போறவன். பிடிக்கப் போறவன்னுதான் சொன்னேன், பிடிக்கறவன்னு சொல்லல. ஏழு வருஷத்துல மொத்தம் ஒம்பது மீன், ஒம்பதையும் ஆத்துலயே விட்டாச்சு. இதைக் கேட்டுட்டு எங்கம்மா ஃபோன்ல ஒரு நிமிஷம் சத்தமே இல்லாம இருந்துட்டு, அப்புறம் எதுக்குடா அவ்ளோ தூரம் போய் தண்ணியில நிக்கறன்னாங்க, நியாயமான கேள்விதான். அவங்க நெனப்புல சால்மன்னா ஊர் மார்க்கெட்ல இந்தியன் சால்மன்னு எழுதிப் போட்டிருக்கற காலா மீன். அது வேற குடும்பம், இது வேற குடும்பம்.

போர்டுக்கு இங்கிலீஷ்ல சுருக்கமா ஒரு மெயில் போட்டாச்சு. இதைத் தமிழ்ல எழுதறதுக்கு ஒரே காரணம், இப்போ பெர்த், டண்டீ, அபர்டீன்ல நம்ம ஆளுங்களும் தூண்டில் வாங்க ஆரம்பிச்சிருக்காங்க, சீசனோட கடைசி வாரத்துக்கு டிக்கெட் கிடைக்குமான்னு என்கிட்டயே ரெண்டு பேர் கேட்டாச்சு.

இந்த அக்டோபர் 15-ம் வழக்கம்போல போனேன். அபர்ஃபெல்டி பக்கம், மேலாத்துல ஒரு பீட், பேரு வேண்டாம். பீட்னா ஆத்துல ஒரு துண்டு, அந்தத் துண்டுல சால்மன் பிடிக்கற உரிமை ஒருத்தருக்குச் சொந்தம், நெலம் வேற ஒருத்தர்கிட்ட இருந்தாக்கூட மீன் உரிமையைத் தனியா விக்கலாம் வாங்கலாம். நம்ம ஊர் ஏரிக்கு மீன்பாசி குத்தகை விடற மாதிரின்னு வெச்சுக்கலாம், என்ன, இங்க அது பரம்பரைச் சொத்து. ஸ்காட்லாந்துல இங்கிலாந்து மாதிரி தூண்டிலுக்கு லைசென்ஸ் எல்லாம் கிடையாது, ஓனர் எழுத்துல அனுமதி குடுக்கணும், அவ்ளோதான், அதுக்குத்தான் டிக்கெட். ஞாயித்துக்கிழமை மட்டும் யாரும் சால்மனுக்குத் தூண்டில் போடக்கூடாது, அது சட்டம்.

காலைல எட்டரைக்கு கில்லியோட குடிசை வாசல்ல ஆறு பேர் நின்னோம். கில்லின்னா கிட்டிப்புள் கில்லி இல்ல, பீட்டைப் பாத்துக்கற ஆளு. எந்தக் கல்லுக்குப் பின்னாடி மீன் நிக்கும், ராத்திரி தண்ணி எத்தனை இஞ்ச் ஏறியிருக்கு, எங்க கால் வெச்சா ஆள் போயிடுவான், எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆளும் கில்லிதான். அறுபதைத் தாண்டினவர், வாயில அணைஞ்ச சிகரெட், பேசறது பாதி எனக்கு இன்னும் புரியாது. தண்ணி பால் ஊத்தாத டீ நெறத்துல ஓடிட்டு இருந்துச்சு, பிர்ச் மரத்து எலையெல்லாம் மஞ்சளா மெதந்து வந்து வீசற ஒவ்வொரு வாட்டியும் கொக்கியில ஒண்ணு மாட்டுது, அதை எடுத்துப் போட்டுட்டு மறுபடி வீசணும். தண்ணியில எறங்கப் போட்டுக்கற வேடர்னு ஒரு நீள ரப்பர் பேன்ட், என்னோடதுல வலது கால்ல பொத்தல் வேற. மத்தியானம் வரைக்கும் நான் பிடிச்சது எலைதான்.

மூணு மணி இருக்கும். நூல் தண்ணியில அரைவட்டம் அடிச்சு வந்துட்டு இருக்கு, நான் பாட்டுக்கு கரண்ட் பில்லைப் பத்தி யோசிச்சுட்டு நிக்கறேன், நூல் மெதுவா கனத்துச்சு. எலைக்கொத்துன்னுதான் நெனச்சேன். எலை தலையை ஆட்டாது. பத்து நிமிஷம் கழிச்சு கில்லியோட வலைக்குள்ள வந்தது ஒரு பெட்டை மீன், பதினோரு பவுண்டு இருக்கும்னாரு. கடல்ல இருந்து ஆத்துக்குள்ள நுழையறப்போ புது வெள்ளிக்கொலுசு மாதிரி மின்னற மீன், இது வெளக்காத செப்பு அண்டா நெறத்துல இருந்துச்சு, வயிறு தொட்டா தொளதொளன்னு. பக்கத்துப் பூல்ல, அதாவது அடுத்த மடுவுல, நின்னவர் ஃபோனைத் தூக்கிட்டு ஓடி வந்து, தூக்குங்க தூக்குங்க, இதுதான் பீட்டோட கடைசி மீனா இருக்கும்னு கத்தறாரு. நான் தூக்கினேன். யாரும் என் கையைப் பிடிச்சுத் தூக்க வைக்கல, நானேதான் தூக்கினேன், சிரிச்சேன் வேற.

ஃபோட்டோவுல தெரியாத ஒண்ணு நடந்துச்சு. ஜாக்கெட் கையில ரெண்டு முட்டை ஒட்டிக்கிச்சு. ஆரஞ்சு நெறம், பட்டாணி சைஸ், வெந்த ஜவ்வரிசி மாதிரி கண்ணாடியா, உள்ள எண்ணெய்ச் சொட்டு மாதிரி ஒரு புள்ளி. மூணாவது ஒண்ணு நேரா தண்ணியில விழுந்து ஓடிடுச்சு. கில்லி பாத்துட்டு, எறக்கு தம்பி, எறக்குன்னு மட்டும் சொன்னாரு, திட்டல. நான் மீனை ஓட்டத்துக்கு எதிரா பிடிச்சுட்டு நின்னேன், ஒரு நிமிஷம் செவுள் ஆடுச்சு, வாலால என் மணிக்கட்டுல ஒரு அடி அடிச்சுட்டுப் போயிடுச்சு. பொழச்சிருக்கும்னுதான் நெனைக்கறேன். அக்டோபர்ல தண்ணி சில்லுன்னு இருக்கறதால ஒழுங்கா விட்டா பெரும்பாலும் பொழச்சுக்கும், வெயில் காலத்துல தண்ணி 20 டிகிரியைத் தொடறப்போதான் விட்டும் பிரயோஜனம் இல்லாம போறது. அதனால நான் மீனைக் கொன்னுட்டேன்னு ஒப்பாரி வைக்க வரல. பதினோரு பவுண்டு பெட்டை வயித்துல அஞ்சாயிரம் முட்டைக்கு மேல இருக்கும், மூணு முட்டை போனதால ஆறு அழிஞ்சுடாதுன்னும் தெரியும்.

என்னை உறுத்தினது அதுக்கப்புறம் நடந்தது. சாயங்காலம் குடிசையில கில்லி கேட்ச் புக்குல எழுதிட்டு இருக்காரு, ஓனர் பக்கத்துல இருந்து ஃபோன் வருது. சீசன் எப்படி முடிஞ்சுதுன்னு இல்ல, தண்ணி எப்படி இருந்துச்சுன்னும் இல்ல. கடைசி ரெண்டு வாரத்துல எத்தனை? எட்டுன்னாரு இவரு. போன வருஷம் பதினொண்ணாச்சே. ஆமாம்னாரு. ஃபோனை வெச்சுட்டு பேனாவை மூடினாரு, அவ்ளோதான்.

தெரியாதவங்களுக்கு ஒரு விஷயம். பீட்டுக்கு வெலை பேசறதும், ஒரு நாளைக்கு ஒரு தூண்டிலுக்கு எவ்வளவுன்னு வாடகை வைக்கறதும் பெரும்பாலும் அஞ்சு வருஷ சராசரியை வெச்சுத்தான், அதாவது அஞ்சு வருஷத்துல வருஷத்துக்கு எத்தனை மீன் விழுந்துச்சுங்கற கணக்கு. அந்தக் கணக்குல பிப்ரவரியில வெள்ளியா வந்த மீனும் ஒண்ணுதான், அக்டோபர் 14-ல முட்டையோட செவந்து கறுத்து நிக்கற மீனும் ஒண்ணுதான். அப்போ கடைசி பதினஞ்சு நாள் என்ன ஆகுதுன்னா, மார்ச் 31-க்குள்ள டார்கெட் முடிக்கணும்னு அல்லாடற பேங்க் பிராஞ்ச் மாதிரி ஆயிடுது. வருஷம் பூரா மீன் கொறைச்சல், இப்போ ஆத்துல இருக்கறதெல்லாம் முட்டையிடற எடத்துக்கிட்ட கும்பலா வந்து நிக்குது, ஆண் மீனுக்குக் கீழ்த்தாடை கொக்கியா வளைஞ்சு எது கண்ணுல பட்டாலும் கடிக்கற கோவத்துல இருக்கு, பிடிச்சா நம்பர் ஏறும். ஆத்துக்குள்ள வந்த சால்மன் சாப்பிடவே சாப்பிடாது, மாசக்கணக்கா பட்டினி, அப்புறம் ஏன் நம்ம இறகுக் கொக்கியைக் கடிக்குதுன்னு இத்தனை வருஷமா அடிச்சுக்கறாங்க. அக்டோபர்ல அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிஞ்ச பதில், அது பசி இல்ல, எரிச்சல்.

நான் கேக்கறது இதுதான். அக்டோபர் 1-லிருந்து 15 வரைக்கும் விழற மீனை அஞ்சு வருஷ சராசரியில சேக்காதீங்க. புக்குல எழுதுங்க, அரசாங்கத்துக்குக் கணக்கு குடுங்க, அது வேணும், ஆனா வாடகை பேசறப்போ செப்டம்பர் 30-ஓட கோடு போடுங்க. எல்லா ஓனரும் சேந்து ஒத்துக்கிட்டா யாருக்கும் நஷ்டமில்ல, எல்லார் சராசரியும் ஒண்ணா எறங்கும். இதுக்கு சட்டம்கூட வேண்டாம், ஒரே ஒரு மீட்டிங் போதும். சட்டமே போட்டு செப்டம்பர் 30-க்கு ஆத்தை மூடிடலாமேன்னு கேப்பீங்க. ஸ்பே ஆத்துல செப்டம்பர் 30-க்கே சீசன் முடியுது, ட்வீட் ஆத்துல நவம்பர் 30 வரைக்கும் போகுது, ஆத்துக்கு ஆறு மீன் வர்ற காலம் வேற, அதனால தேதியில நான் தலையிடல. கீழாத்துல அக்டோபர்லயும் புது மீன் ஒண்ணு ரெண்டு வருதுங்கறதும் உண்மை. தேதி இருக்கட்டும், அந்த ரெண்டு வாரத்துக்கு நம்பர் மேல இருக்கற ஆசை மட்டும் போகட்டும்.

இதுக்கு வர்ற மொத பதில் எனக்குத் தெரியும், பப்ல பல தடவை வாங்கிக் கட்டிக்கிட்டேன். நாங்க எங்கப்பா மீனைக் கொல்றோம், பிடிச்சதுல 100-க்கு 95-க்கு மேல திரும்ப விட்டுடறோம், ஏப்ரல் 1-க்கு முன்னாடி பிடிச்சா விட்டே ஆகணும்னு சட்டமே இருக்கு, கடலோரத்துல வலை போடறதையும் 2016-ல நிறுத்தியாச்சு, பிரச்சனை கடல்ல இருக்கு, மேற்குக் கரையில மீன் பண்ணைக் கூண்டுல இருந்து வர்ற கடல் பேன்ங்கற ஒட்டுண்ணியில இருக்கு, அணையில இருக்கு, சூடாகற தண்ணியில இருக்கு, எங்களைப் பிடிச்சு ஏன் வம்புக்கு இழுக்கறன்னு. ஒத்துக்கறேன், ஒரு வரி விடாம ஒத்துக்கறேன். 2010-ல ஸ்காட்லாந்து பூரா தூண்டில்ல பிடிச்ச சால்மன் ஒரு லட்சத்துக்கும் மேல, 2023-ல 32,477, 1952-ல கணக்கெடுக்க ஆரம்பிச்சதுல இருந்து அப்போ வரைக்கும் அதுதான் அடிமட்டம். 2024-ல கொஞ்சம் ஏறி 47 ஆயிரத்துக்கிட்ட வந்துச்சு, உடனே எல்லாரும் அப்பாடான்னுட்டாங்க. அதுக்கு நடுவுல 2023 டிசம்பர்ல இயற்கைப் பாதுகாப்புக்கான உலகச் சங்கம் பிரிட்டன் சால்மனை அழிவு அபாயப் பட்டியல்ல சேத்துடுச்சு. கிரீன்லாந்து வரைக்கும் போற குட்டி மீன்ல எத்தனை திரும்பி வரணும்னு நம்ம மீட்டிங் போட்டு முடிவு பண்ண முடியாது. கடலை நம்மால கழுவ முடியாது. ஆனா கடல், சீல், நீர்நாய், வெள்ளம் எல்லாத்தையும் தாண்டி, டேயில வந்து சேர்ற டம்மல் ஆத்து மீனா இருந்தா பிட்லாக்ரி அணையில 34 தொட்டி படிப்படியா ஏறி, கடைசில முட்டையிடற சரளைக்கல்லுக்கு நூறு கஜம் முன்னாடி வந்து நிக்கற பெட்டை மீனை நம்பருக்காகவும் ஃபோட்டோவுக்காகவும் ஒரு தடவை தூக்கிப் பாக்கணுமான்னு கேக்கறது நம்ம கையில இருக்கு.

ரெண்டாவது பதில், ஜார்ஜினா பாலன்டைன். என் வாதத்துக்கு ஆப்பு வைக்கற பேரு. 1922 அக்டோபர் 7, கேபத் பக்கத்துல கிளென்டெல்வின் தண்ணியில, அப்பா ஜேம்ஸ் படகைத் துடுப்புப் போட்டு பிடிச்சுக்க, ரெண்டு மணி நேரத்துக்கு மேல மல்லுக்கட்டி, இருட்டுல கரையேத்தின மீன் 64 பவுண்டு, அதாவது 29 கிலோ. நீளம் 54 இஞ்ச், நம்ம வீட்டு நாலாங்கிளாஸ் புள்ளை உயரம். பிரிட்டன்ல தூண்டில்ல பிடிச்ச சால்மன்ல நூறு வருஷத்துக்கு மேல ஆகியும் அந்த ரெகார்டை எந்த ஆம்பளையும் தொடல, அக்கா தங்கச்சின்னு மேல சொன்னது இதுக்குத்தான். மீனை பெர்த் ஆஸ்பத்திரிக்குக் குடுத்துட்டாங்க, நோயாளிங்களும் வேலை செய்யறவங்களும் சாப்பிட்டாங்க, அதோட அச்சு பெர்த் மியூசியத்துல இருக்கு, நானே முன்னாடி நின்னு வாயப் பொளந்தவன். ஆஸ்பத்திரி ஆளுங்கற முறையில எனக்கு அந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச எடமும் அதுதான். அக்டோபர் 7! நான் கோடு போடச் சொல்ற செப்டம்பர் 30-க்கு ஒரு வாரம் கழிச்சு. இதைச் சொல்லித்தான் கடைசி வாரத்துக்கு எல்லாரும் கனவோட வர்றோம், நானும்தான். ஆனா அந்தம்மா பிடிச்சப்போ ஆத்துல இருந்த மீன் எவ்வளவு, இப்போ இருக்கறது எவ்வளவு. அந்த ஒரு மீனைக் காட்டி இன்னிக்கு இருக்கற நாலு மீனைத் தூக்கறது, தாத்தா காலத்துப் பத்திரத்தைக் காட்டி பேங்க்ல கடன் கேக்கற மாதிரி.

மூணாவது பதில்தான் எனக்கு நிஜமாவே கஷ்டமானது. கில்லிகளோட சம்பளம். எல்லாருக்கும் வருஷம் பூரா சம்பளம் கெடையாது, சீசனுக்கு மட்டும் வேலைன்னு இருக்கறவங்களும் இருக்காங்க, கடைசி வாரத்துல வர்றவங்க குடுக்கற டிப்ஸ் டிசம்பர் வரைக்கும் ஓடும். நான் சொல்றதைக் கேட்டு ரெண்டு வாரம் கூட்டம் கொறைஞ்சா மொத அடி அவருக்குத்தான் விழும், ஓனருக்கு இல்ல. அதனால இதையும் சேத்துத்தான் எழுதறேன்: அந்த ரெண்டு வாரத்தோட நிறுத்தாம நவம்பர் முடிய கில்லிக்குச் சம்பளம் குடுங்க, வேலையும் குடுங்க. என்ன வேலைன்னா, பெட்டை மீன் சரளையில வாலால அடிச்சுக் குழி பறிச்சு முட்டையிட்டு மூடிட்டுப் போன எடம் வெளுப்பா பளிச்னு தெரியும், சுத்தி இருக்கற கல்லெல்லாம் பாசி பிடிச்சு இருட்டா இருக்க, அது மட்டும் புதுசா கழுவிப் போட்ட மாதிரி, முன்னாடி ஒரு பள்ளம், பின்னாடி ஒரு மேடு. அந்த எடத்தையெல்லாம் கண்டுபிடிச்சுக் கணக்கெடுத்து கரையில குச்சி நட்டு வைக்க அவரை விட்டா யாரு? ஏன் குச்சின்னா, சால்மன் சீசன் முடிஞ்சாலும் கிரேலிங் மீனுக்குக் குளிர்காலத்துல தூண்டில் போடலாம், அதுக்கு வர்றவங்க தெரியாம அந்த வெளுத்த சரளை மேலயே பூட்ஸோட நடந்து போறாங்க, தண்ணி தெளிவா இருக்கு கீழ மணல் கல்லு சுத்தமா இருக்கு, நடக்க வசதின்னு. நானும் மொத வருஷம் அப்படி நடந்திருக்கேன், எத்தனை ஆயிரம் முட்டை மேல நடந்தேனோ.

அப்புறம் தூண்டில்காரங்களுக்கு மட்டும் சின்னதா. முள் நசுக்கின ஒத்தைக் கொக்கி போதும். கையை நனைச்சுட்டுத் தொடுங்க. ஃபோட்டோ வேணும்னா மீன் தண்ணிக்குள்ள இருக்கறப்போவே எடுங்க, பாதி முதுகு தெரிஞ்சாப் போதும், உங்க மூஞ்சி யாருக்கும் வேண்டாம். என் மூஞ்சி இருக்கற அந்த ஃபோட்டோ என் ஃபோன்ல இன்னும் இருக்கு, பக்கத்துப் பூல்காரர் அனுப்பி வெச்சாரு, கட்டை விரல் மட்டும் போட்டு பதில் அனுப்பினேன், அழிக்கவும் மனசு வரல, யாருக்கும் காட்டவும் மனசு வரல.

2023 ஞாபகம் இருக்கும் உங்களுக்கு. அக்டோபர் 15 ஞாயித்துக்கிழமையா வந்ததால 14-ஓட முடிஞ்சுது. அதுக்கு ஒரு வாரம் முன்னாடி 7, 8-ம் தேதி பெஞ்ச மழையில பெர்த் ஊருக்குள்ளயே தண்ணி வந்துச்சு, டே சாக்லேட் கலர்ல வேலியெல்லாம் அடிச்சுட்டுப் போச்சு, நான் காசு கட்டின ரெண்டு நாளும் கரையில நின்னு மரக்கட்டை எண்ணிட்டு வந்தேன். வயித்தெரிச்சல்தான் அப்போ. இப்போ யோசிச்சா மீனுங்களுக்கு அந்த வருஷம் மட்டும்தான் கடைசி வாரம் நிம்மதியா போயிருக்கும்போல.

இந்த வருஷம் 15-ம் தேதி வெளிச்சம் போற நேரத்துல ஆறு பேரும் தடியைக் கழட்டி பையில போட்டோம், கையைக் குலுக்கிட்டு ஆளுக்கொரு காரு. திறக்கறப்போ மட்டும் கென்மோர்ல ஜனவரி 15-ம் தேதி பேக்பைப் வாத்தியம் முழங்க ஊர்வலமா ஆத்துக்கு வந்து, மொதப் படகு மேல விஸ்கி ஊத்தி, கல்யாண வீடு தோத்துடும். மூடறதுக்கு யாரும் ஒரு சொட்டு ஊத்தறதில்ல. நான் கிளம்பறப்போ கில்லி மட்டும் வலையை வேலியில காயப் போட்டுட்டு, என் மீனை விட்ட எடத்துல போய் நின்னு தண்ணியப் பாத்துட்டு இருந்தாரு. என்ன பாக்கறீங்கன்னேன். மேல ஏறுதான்னு பாக்கறேன்னாரு.

ஓனர்கள் மீட்டிங்கு கூப்பிட்டா வர்றேன், ஷிஃப்ட் மாத்திக்கறேன். இல்ல, நேர்ல திட்டணும்னா ஜனவரி 15 காலைல கென்மோர் பாலத்துக்குப் பக்கத்துல பச்சைக் குல்லாய் போட்டுட்டு நிப்பேன், இந்தியன் மூஞ்சி அங்க பெரும்பாலும் என்னது ஒண்ணுதான் இருக்கும், கண்டுபிடிக்கறது கஷ்டமில்ல.

இப்படிக்கு,
நாள் டிக்கெட் ஆளு ஒருத்தன், டண்டீ